கெட்டிக்காரப் பிள்ளையும் பாடசாலை விழாவும்



பாடசாலைச் சுற்றுலாக் காலத்தில் சீகிரியாவுக்குப் போனவர்களுக்கு இந்தக் காட்சி புதிதல்ல. இனாமலுவைச் சந்தியில் திரும்பிப் பஸ் வண்டிகள் ஒன்றன்பின் ஒன்றாக வந்து நிற்கின்றன. வெள்ளைச் சீருடையில் பிள்ளைகள் இறங்குகிறார்கள். ஆசிரியை தலைகளை எண்ணுகிறார். பின்பு அகழியைக் கடந்து, நீர்ப்பூங்காவை ஓட்டமும் நடையுமாகத் தாண்டி, படியேறி, ஓவியங்களைப் பார்த்து, சிங்கப் பாதங்களின் முன் நின்று படம் எடுத்து, உச்சிக்குப் போய் இறங்கி, சோற்றுப் பொட்டலத்தை அவிழ்க்கிறார்கள். அடுத்த இடம் தம்புள்ளை. இருட்டுமுன் ஊர் திரும்ப வேண்டுமல்லவா?

அந்த ஓட்டத்தில் ஏதாவதொரு பிள்ளை நீர்ப்பூங்காவில் நின்றுவிடும். நிலத்தோடு நிலமாகப் பதிந்திருக்கும் சுண்ணாம்புக் கற்பலகையையும் அதிலுள்ள துளைகளையும் குனிந்து பார்க்கும். "ரீச்சர், மெசின் இல்லாத காலத்திலே தண்ணீர் எப்படி மேலே பாய்ந்தது?" என்று கேட்கும். பின்னால் நாற்பது பிள்ளைகள் நிற்கிறார்கள், வெயிலும் ஏறுகிறது. "வரிசையை விடாதே, வா!" என்பதே பெரும்பாலும் அதற்குக் கிடைக்கும் பதில். ஆசிரியையைக் குறை சொல்வதற்கில்லை. ஆயினும் அந்தக் கேள்வியைக் கேட்ட பிள்ளைக்கும், அப்பிள்ளையைப் பெற்றவர்களுக்கும் நாம் என்ன செய்கிறோம் என்பதே இவ்வாரப் பாடம்.

நம்மிடையே கெட்டிக்காரப் பிள்ளையை அளக்க ஒரே அளவுகோல்தான் உண்டு. அது ஐந்தாந் தரப் புலமைப்பரிசில் பரீட்சை. ஆண்டுதோறும் மூன்று இலட்சம் பிள்ளைகளுக்கு மேல் அதை எழுதுகிறார்கள். வெட்டுப்புள்ளியைத் தாண்டிய பிள்ளைக்கு மாலை, மேடை, வீதியோரத்தில் படம் போட்ட பதாகை. ஒரு புள்ளி குறைந்த பிள்ளையின் வீட்டிலோ இழவு வீட்டு மௌனம். பத்து வயதுப் பிள்ளைக்கு இது அடுக்குமா? பரீட்சையே வேண்டாமென்று சொல்ல நான் வரவில்லை. ஏழைப் பிள்ளைக்கு நல்ல பாடசாலையின் கதவைத் திறக்கும் சாவி அது. ஆனால் தண்ணீர் எப்படிப் பாய்ந்தது என்று கேட்ட பிள்ளையை அந்த வினாத்தாள் கண்டுபிடிக்கும் என்பதற்கு உறுதியில்லை. அத்துடன், வினாத்தாளுக்குப் பிள்ளையை மட்டுமே தெரியும், வீட்டைத் தெரியாது. சுற்றுலா, கண்காட்சி, பரிசளிப்பு விழா, பெற்றோர் கூட்டம் ஆகியவற்றில்தான் பிள்ளையும் வீடும் பாடசாலையும் ஒரே இடத்தில் சந்திக்கின்றன.

சீகிரியாவையே எடுத்துக்கொள்வோம். 477 முதல் 495 வரை ஆண்ட காசியப்பன் அமைத்த மாளிகையும் பூங்காக்களும் அவை. சுற்றியுள்ள நிலத்திலிருந்து பாறை ஏறக்குறைய 180 மீற்றர் எழும்பி நிற்கிறது. நீர்த்தாரையின் இரகசியம் மிக எளிது. உயரத்தில் தேங்கிய நீர் நிலத்தடிக் கால்வாய் வழியே இறங்கி, ஒடுங்கிய துளைகளால் வெளியேறும்போது தன் அழுத்தத்தினாலேயே மேலெழுகிறது. மாரி காலத்தில் இன்றைக்கும் சில தாரைகள் எழுவதுண்டு. ஒரு தகரப் பேணியும் ஒரு முழம் றப்பர் குழாயும் இருந்தால் இதை வகுப்பறையிலேயே செய்து பார்க்கலாம். சுற்றுலாவுக்கு முந்திய வாரம் அப்படிச் செய்து பார்த்த பிள்ளைகள் அந்தக் கற்பலகையருகே போய் நிற்கும்போது அவர்களுடைய கண்ணே வேறாக இருக்கும்.

கணக்கில் நாட்டமுள்ள பிள்ளை ஒரு கோலை நட்டு, கோலின் நிழலையும் பாறையின் நிழலையும் ஒப்பிட்டு உயரத்தைக் கணிக்க முயலட்டும். எங்கே பிழைக்கிறது என்று கண்டுபிடிப்பதும் படிப்புத்தான். சித்திரம் வரையும் பிள்ளைக்கு ஓவியங்கள் இருக்கின்றன. மொழியில் நாட்டமுள்ள பிள்ளைக்குக் கண்ணாடிச் சுவர் இருக்கிறது. ஆயிரம் ஆண்டுகளுக்கு முன் இம்மலையைப் பார்க்க வந்தவர்கள், பிக்குகளும் பெண்களும் உட்படப் பல நிலையினர், தாங்கள் கண்டதையும் நினைத்ததையும் பாட்டாக அச்சுவரில் கீறிவிட்டுப் போனார்கள். பேராசிரியர் செனரத் பரணவிதான அவற்றுள் 685 பாட்டுக்களை வாசித்து 1956 இல் நூலாக வெளியிட்டார். அவர்களும் ஒருவகையில் சுற்றுலா வந்தவர்களே! நம்முடைய பிள்ளைகளும் இறங்கி வந்தபின் நாலு வரி எழுதட்டும். (கொப்பியில்தான், இன்று அச்சுவரில் கீறுவது குற்றம் என்பதை முன்கூட்டியே சொல்லி வைக்க வேண்டும்.) இரும்புப் படியில் கால் நடுங்கும் சின்னத் தம்பியின் கையைப் பிடித்து, பயம் தெளிவித்து, ஏற்றிவிடும் பிள்ளையையும் ஆசிரியர் கவனிக்கட்டும். அதுவும் ஒரு வரந்தான். அதற்குப் பரீட்சையில் புள்ளியில்லை.

இதற்குப் பெரிய செலவொன்றுமில்லை. வகுப்பு வகுப்பாக வரிசை கட்டுவதற்குப் பதிலாக, நீர், கணக்கு, சித்திரம், பாட்டு என்று நாட்டத்தின்படி குழுக்களாகப் பிரித்தாலே போதும். ஐந்தாந் தரப் பிள்ளையும் பத்தாந் தர அண்ணாவும் ஒரே குழுவில் வருவார்கள். அதில் ஓர் அரும்பயன் உண்டு. மிகுந்த அறிவுள்ள பிள்ளைகளை அமெரிக்காவில் பல ஆண்டுகள் ஆராய்ந்த லீற்றா ஹொலிங்வேத் என்ற உளநூல் அறிஞரின் நூல், அவர் இறந்தபின் 1942 இல் வெளிவந்தது. அவர் கண்டது யாதெனில், இத்தகைய பிள்ளைகளின் பெருந்துன்பம் தனிமை. தம் வயதுப் பிள்ளைகளின் விளையாட்டு அவர்களுக்குச் சலிக்கிறது. மூத்த பிள்ளைகளோ அவர்களைச் சேர்த்துக்கொள்வதில்லை. நம்முடைய வீடுகளிலும் அப்படியொரு பிள்ளை மூலையில் குந்தியிருக்கக்கூடும். "வாயாடி", "தலைக்கனம்", "யாரோடும் சேரமாட்டான்" என்று நாம் பெயர் சூட்டி விடுகிறோம்.

இனி, தாய் தகப்பனைப் பற்றி. பஸ்ஸில் இரண்டு மூன்று தாய்மாரையாவது கூட்டிப் போவது நம் பாடசாலைகளில் உள்ள வழக்கந்தான். ஆனால் அவர்களுடைய வேலை சோற்றுப் பொட்டலத்தோடும் வாந்திப் பையோடும் முடிந்துவிடுகிறது. அவர்களையும் ஒரு குழுவோடு நடக்க விடுங்கள். தன் மகள் பத்துப் பேருக்கு நடுவில் நின்று நீர்த்தாரையை விளக்குவதை ஒரு தாய் காதால் கேட்டால், பிறகு வீட்டில் அந்தப் பிள்ளை கேள்வி கேட்கும்போது "சும்மா இரு" என்ற சொல் அவ்வளவு எளிதாக வராது. ஊர் திரும்பியபின் ஒரு சனிக்கிழமை மாலை, பிள்ளைகள் வரைந்ததையும் எழுதியதையும் செய்ததையும் வைத்து ஒரு சிறு கண்காட்சி நடத்தலாம். தோட்டத்துத் தண்ணீர்க் குழாய் வேலை தெரிந்த தகப்பன்மார் நம்மிடையே உண்டு. அழுத்தத்தைப் பற்றி அவர்களுக்குத் தெரிந்தது புத்தகத்தில் கூட இராது. அவர்களை அழைத்துப் பேசச் சொல்லுங்கள். பள்ளிக்கூடம் என்றாலே வாசலில் தயங்கி நிற்கும் மனிதர், அன்று உள்ளே வந்து கரும்பலகையருகே நிற்பார்.

பரிசளிப்பு விழாவைப் பற்றியும் சொல்ல வேண்டும். இலவசக் கல்வியின் தந்தை என்று நாம் போற்றும் சி. டபிள்யூ. டபிள்யூ. கன்னங்கரா 1884 இல் அம்பலாங்கொடைக்கு அண்மையில் பிறந்தவர். சிறுவனாக அவ்வூர் வெஸ்லியன் பாடசாலையில் படித்தபோது, பரிசளிப்பு விழாவுக்குக் காலி றிச்மண்ட் கல்லூரி அதிபர் டரெல் பாதிரியார் விருந்தினராக வந்திருந்தார். ஒரே பையன் திரும்பத் திரும்ப மேடைக்கு வருவதைக் கண்டு, இந்தப் பரிசுகளைக் கொண்டுபோக உனக்கு மாட்டுவண்டி வேண்டுமே என்று அவர் வேடிக்கையாகச் சொன்னதாகக் கூறுவார்கள். வேடிக்கையோடு அவர் நின்றிருந்தால் நமக்கு அந்தக் கதை தேவையில்லை. படிப்பும் தங்குமிடமும் சாப்பாடும் இலவசமாகக் கிடைக்கும் புலமைப்பரிசிலுக்கு அவர் வழிகாட்டினார். பையன் காலிக்குப் போனான். அதே டரெல் பாதிரியார் 1906 இல், நச்சுக் காய்ச்சல் கண்ட தம் மாணவரைப் பராமரித்து, தாமும் அந்நோயிலேயே மாண்டார். மெதடிஸ்த சபையைச் சேர்ந்தவர்; நாமும் நன்றியோடு நினைக்க வேண்டியவர்.

அந்தப் பையன் 1931 முதல் 1947 வரை கல்வி மந்திரியாக இருந்தார். 1945 இல் இலவசக் கல்வி வந்தது. கிராமத்துக் கெட்டிக்காரப் பிள்ளைகளுக்காக விடுதியோடு கூடிய மத்திய கல்லூரிகள் 54 எழுந்தன. (நம்முடைய திருச்சபை அக்காலத்தில் அவருடைய திட்டங்களோடு கடுமையாக மோதியது. அது வேறோர் கட்டுரைக்குரிய பொருள்.) தமக்குக் கிடைத்த சோற்றையும் படுக்கையையும் அவர் மறக்கவில்லை என்றே எனக்குத் தோன்றுகிறது.

இதோடு ஒப்பிட்டுப் பார்க்க இன்னொரு பரிசளிப்பு விழா உண்டு. 1904 இல் கும்பகோணம் நகர உயர்நிலைப் பள்ளியில் தலைமையாசிரியர் கிருஷ்ணசாமி ஐயர் ஒரு மாணவனை மேடைக்கு அழைத்து, இவனுக்கு முழுப் புள்ளி கொடுத்தாலும் போதாது என்ற கருத்தில் புகழ்ந்தார். அம்மாணவர் சீனிவாச இராமானுசன். தகப்பனார் புடைவைக் கடைக் கணக்கப்பிள்ளை. மாதச் சம்பளம் ஏறக்குறைய இருபது ரூபா. அவ்வாண்டே அரசினர் கல்லூரியில் உதவிப் பணத்தோடு சேர்ந்தார். கணக்கைத் தவிர வேறெதிலும் மனம் செல்லாமல் ஆங்கிலத்தில் தவறினார்; உதவிப் பணம் நின்றது. 1905 இல் வீட்டுக்குச் சொல்லாமல் விசாகப்பட்டினத்துக்கு ஓடிப்போனார். மேடையில் கைதட்டிய ஊரில் யார் அந்த வீட்டுக் கதவைத் தட்டினார்கள்? அவர் கேம்பிரிட்ஜுக்குக் கடிதம் எழுதிய 1913 ஆம் ஆண்டு வரை எத்தனை வறுமை, எத்தனை அலைச்சல்! 1920 இல், முப்பத்திரண்டு வயதில், அவர் மறைந்தார்.

இரண்டு மேடைகளிலும் புகழ் ஒன்றுதான். ஒரு மேடையில் மட்டும், இந்தப் பிள்ளைக்கு நாளைக்கு என்ன வேண்டும் என்று ஒருவர் கேட்டார்.

மாத்தளைப் பக்கத்துத் தோட்டங்களில் இருந்து இந்தப் பத்திரிகையை வாசிப்பவர்களுக்கு இதை நான் விரித்துச் சொல்ல வேண்டியதில்லை. 1945 இன் இலவசக் கல்வி லயத்து வாசலுக்கு உடனே வரவில்லை. 1977 தொடக்கமே தோட்டப் பாடசாலைகளை அரசாங்கம் படிப்படியாகப் பொறுப்பேற்றது. இன்று இரத்தோட்டையிலோ எல்கடுவையிலோ ஒரு பிள்ளை புலமைப்பரிசிலில் தேறினால் தோட்டமே கொண்டாடுகிறது. கொண்டாட்டம் முடிந்த இரவில் தாயும் தகப்பனும் கணக்குப் பார்க்கிறார்கள். பட்டணத்துப் பாடசாலைக்குப் பஸ் காசு, சப்பாத்து, விடுதியில் விடுவதானால் மெத்தையும் பெட்டியும். இவற்றோடு, பத்து வயதுப் பிள்ளையைப் பிரிந்திருக்கும் வேதனை. வீட்டில் நிற்கும் தங்கைக்கு இனி என்ன மிச்சம் என்ற கேள்வியும் உண்டு. உதவிப் பணம் ஒரு பகுதியைத்தான் தாங்கும். இவையெல்லாம் பாராட்டு விழாவில் யாரும் பேசாத விடயங்கள்.

ஆகையால் பாராட்டு விழா வைக்கிறவர்கள், அதே நாளில் இன்னொரு மணித்தியாலத்தை ஒதுக்கட்டும். நாலைந்து வருடங்களுக்கு முன் தேறிப் போன பிள்ளைகளையும் அவர்களுடைய தாய்மாரையும் கூப்பிடுங்கள். முதலாம் தவணையில் எவ்வளவு செலவானது, எந்தப் பாடம் கடினமாக இருந்தது, விடுதியில் அழுதது எத்தனை நாள், யாரிடம் போய்ப் பேசலாம் என்று அவர்கள் சொல்லட்டும். அதிபரின் உரையை விட இது பயன்படும். அதிபர்மார் கோபிக்க வேண்டாம். ஒரு புள்ளியால் தவறிய பிள்ளைகளின் பெற்றோரையும் அதே வாங்கில் இருத்துங்கள். சீகிரியாக் கண்காட்சியில் அவர்களுடைய பிள்ளை செய்ததை ஆசிரியர் பெயர் சொல்லி நினைவுபடுத்தட்டும்.

நேரத்தையும் பாருங்கள். வேலை நாள் காலை பத்து மணிக்குப் பெற்றோர் கூட்டம் வைத்தால், நாட்சம்பளத்தில் வாழும் தாய் அன்றைய கூலியை இழந்துதான் வர வேண்டும். வராவிட்டால் "அக்கறையில்லாத பெற்றோர்" என்ற பேச்சு வேறு. ஞாயிறு பூசை முடிந்தபின் பங்கு மண்டபத்தில் வையுங்கள். எச்சமயத்தவராயினும் வரலாம் என்று முன்கூட்டியே அறிவியுங்கள்.

கடைசியாகப் பணம். சுற்றுலாக் கட்டணம் கட்ட முடியாத பிள்ளை "எனக்குப் போக விருப்பமில்லை" என்றுதான் சொல்லும். காசில்லை என்று சொல்லாது. பெற்றோர் சங்கம் பஸ் பேசும்போதே நாலு இருக்கைக்கான காசைச் சேர்த்துப் போட்டுவிட்டால் அந்தப் பிள்ளையும் சீகிரியாவைக் காணும். யாருக்கு அந்த இருக்கை என்பது வகுப்பாசிரியைக்கும் பொருளாளருக்கும் தெரிந்தால் போதும். அந்தப் பெயர்களை மேடையில் வாசிக்க வேண்டாம்.