போனில் வரும் படிவம்: எதை எடுப்பது, எப்படி எடுப்பது?



இந்த மாதப் பாடம் இணையப் படிவம் பற்றியது. புரட்டாசி பிறந்துவிட்டால் பரளச்சி, திருச்சுழி பக்கம் எல்லா வீட்டிலும் விதைப் பேச்சுதான். உளுந்து எத்தனை கிலோ, குதிரைவாலி எத்தனை கிலோ, பருத்தி எத்தனை பாக்கெட் என்று கூட்டமைப்பு கணக்கெடுத்து மொத்தமாக வாங்கினால் விலையும் குறையும், வண்டிச் செலவும் மிச்சமாகும். ஆனால் அந்தக் கணக்கு மழைக்கு முன்னால் முடிய வேண்டும். பட்டியலில் பேர் விட்டுப்போன உறுப்பினர், விதைப்பு நேரத்தில் கடைக்காரர் சொல்கிற விலைக்குத்தான் வாங்க வேண்டியிருக்கும்.

"ஒரு லிங்க் அனுப்புங்க, எல்லாரும் போன்லயே நிரப்பிடுறோம்" என்று இப்போது கூட்டங்களில் கேட்கிறார்கள். நல்ல யோசனைதான். இதற்கு இலவசக் கருவிகளும் நிறைய இருக்கின்றன. ஆனால் சந்தையில் கத்தரிக்காய் வாங்கும்போதுகூடப் புரட்டிப் பார்த்துத்தானே வாங்குகிறோம்? நம் உறுப்பினர்களின் பேரும் நிலமும் கடனும் எழுதப் போகிற இடத்தை இலவசம் என்பதற்காக மட்டும் எடுத்துவிட முடியாது. எடுக்குமுன் நான்கு கேள்வி கேட்க வேண்டும்.

இணையப் படிவம் என்றால் என்ன?

நம் கையில் இருக்கும் விண்ணப்பக் காகிதம் மாதிரிதான். கேள்விகளை ஒருவர் கணினியிலோ போனிலோ தயார் செய்வார். அதற்கு ஒரு லிங்க் கிடைக்கும். அதை வாட்ஸ்அப்பில் அனுப்பினால், தொட்டவுடன் படிவம் திறக்கும். நிரப்பி அனுப்பியதும் எல்லாப் பதில்களும் ஒரே அட்டவணையில் வரிசையாக வந்து உட்காரும். நோட்டுப் போட்டுத் திரும்ப எழுத வேண்டாம், கூட்டல் போடுவதும் சுலபம்.

கூகுள் ஃபார்ம்ஸ் 2008லேயே வந்தது. மைக்ரோசாஃப்ட் ஃபார்ம்ஸ், ஜாட்ஃபார்ம், டைப்ஃபார்ம் என்று இன்னும் பல உண்டு. தமிழ்நாட்டில் வேரூன்றிய, தென்காசி மாவட்டம் மத்தளம்பாறையிலும் அலுவலகம் வைத்திருக்கும் ஜோஹோ நிறுவனத்தின் ஜோஹோ ஃபார்ம்ஸும் உண்டு. சிக்னல் இல்லாத இடங்களில் கணக்கெடுப்பதற்கென்றே உருவான கோபோ டூல்பாக்ஸ் என்பதும் இருக்கிறது. எல்லாவற்றிலும் கேள்விகளைத் தமிழில் எழுதலாம்.

முதல் கேள்வி: எத்தனை பேர் பதிலை வாங்கும்?

இலவசம் என்பதற்கு எல்லை உண்டு. மைக்ரோசாஃப்ட் ஃபார்ம்ஸில் இலவசக் கணக்கு வைத்திருந்தால் ஒரு படிவத்துக்கு 200 பதில் வரைதான். ஜாட்ஃபார்ம் இலவசத்தில் 5 படிவம், மாதம் 100 பதில். டைப்ஃபார்ம் பார்க்க அழகாக இருக்கும், ஆனால் இலவசத்தில் மாதம் 10 பதில்தான். ஜோஹோவிலும் வரம்பு உண்டு. கூகுள் ஃபார்ம்ஸில் நம் அளவு வேலைக்கு இடிக்கிற வரம்பு இல்லை. இந்த எண்களைக் கம்பெனிகள் அவ்வப்போது மாற்றும் என்பதால், எடுக்கிற அன்று ஒருமுறை பார்த்துக்கொள்ளுங்கள்.

கணக்கைப் போட்டுப் பாருங்கள். 20 குழு, குழுவுக்கு 12 பேர் என்றால் 240 பேர். 200 வரம்பு உள்ள படிவத்தில் 40 பேர் வெளியே நிற்பார்கள். யார் அந்த 40 பேர்? பருத்தி எடுக்கப் போய் இருட்டின பிறகு வீடு திரும்புகிறவர், மகன் வந்தால்தான் போன் கிடைக்கும் என்று இருக்கிறவர், சிக்னல் இல்லாத தெருக்காரர். விதை யாருக்கு அதிகம் தேவையோ அவர்தான் கடைசியாக வருவார். அதனால் மொத்த உறுப்பினர் எண்ணிக்கையை முதலில் எழுதி வைத்துக்கொண்டு, அதைத் தாங்குகிற படிவத்தையே எடுக்க வேண்டும்.

இரண்டாவது கேள்வி: யார் கையில் என்ன போன், எங்கே சிக்னல்?

"எங்க வீட்ல பட்டன் போன்தான் மேடம்" என்று சொல்கிற அக்காக்கள் எல்லாக் குழுவிலும் உண்டு. அவர்களுக்கு லிங்க் அனுப்பி என்ன பயன்? இதற்கு வழி நாம் ஏற்கனவே பார்த்ததுதான். 2023 ஜூலையில் மகளிர் உரிமைத் தொகைக்கு விண்ணப்பம் வாங்கியபோது, டோக்கனும் காகித விண்ணப்பமும் வீட்டுக்கு வந்தன. முகாமில் உட்கார்ந்திருந்த தன்னார்வலர்கள்தான் அதைச் செயலியில் பதிந்தார்கள். ஒவ்வொரு பெண்ணிடமும் ஸ்மார்ட் போன் இருக்க வேண்டிய அவசியமே வரவில்லை.

நாமும் அப்படியே செய்யலாம். குழுக் கூட்டத்தில் ஊக்குநரோ பிரதிநிதியோ ஒரே போனில் 12 பேருக்கும் பதிய வேண்டும். உறுப்பினர் வாயால் சொல்ல வேண்டும், பதிந்ததைத் திரும்ப வாசித்துக் காட்ட வேண்டும். தட்டச்சு வராதவர்கள் போன் கீபோர்டில் உள்ள மைக் படத்தைத் தொட்டுத் தமிழில் பேசலாம். கூகுள் 2017ல் இந்த வசதியைத் தமிழுக்குக் கொடுத்தது. ஆனால் பேர்களை அது தப்பாக எழுதும், பார்த்துத் திருத்துங்கள்.

இப்படி ஒரே போனில் பலருக்குப் பதிவதென்றால் கூகுள் ஃபார்ம்ஸில் "ஒருவருக்கு ஒரு பதில்" என்ற அமைப்பை அணைத்து வைக்க வேண்டும். இல்லாவிட்டால் ஒருவருக்கு மேல் வாங்காது. போட்டோ, ஆவணம் ஏற்றச் சொல்லும் கேள்வியையும் தவிர்த்துவிடுங்கள். அதற்கு நிரப்புகிறவர் தன் கூகுள் கணக்கில் நுழைந்தாக வேண்டும். பாதிப் பேர் அங்கேயே நின்றுவிடுவார்கள்.

சிக்னல் சங்கதி தனி. கூகுள் ஃபார்ம்ஸ் மாதிரியான படிவங்கள் அனுப்பும் நேரத்தில் இணையம் இல்லாவிட்டால் போகாது. வீடு வீடாகப் போய்க் கணக்கெடுப்பதென்றால் கோபோ டூல்பாக்ஸ் பொருத்தம். இது ஹார்வர்டு பல்கலைக்கழகத்தின் மனிதாபிமானப் பணிப் பிரிவில் உருவானது. போர், பேரிடர் நடந்த இடங்களில் உதவி அமைப்புகள் இதைப் பயன்படுத்துகின்றன. லாப நோக்கில்லாத அமைப்புகளுக்கு ஒரு வரம்பு வரை இலவசம். காலையில் சிக்னல் உள்ள இடத்தில் படிவத்தை ஆண்ட்ராய்டு போனில் இறக்கிக்கொண்டால் போதும். பகல் முழுக்க இணையம் இல்லாமலே நிரப்பலாம். சாயங்காலம் சிக்னல் கிடைத்ததும் அனுப்பலாம். அனுப்பும் வரை பதிவு அந்தப் போனிலேயே இருக்கும். அனுப்புமுன் போன் தொலைந்தால் அன்றைய வேலையும் தொலைந்த மாதிரிதான். ஆகவே அன்றன்றைக்கே அனுப்பிவிட வேண்டும்.

மூன்றாவது கேள்வி: சாவி யார் கையில்?

இதுதான் முக்கியமான கேள்வி. படிவம் எந்த மின்னஞ்சல் கணக்கில் தொடங்கப்பட்டதோ, பட்டியல் முழுவதும் அந்தக் கணக்குக்குத்தான் சொந்தம். களப்பணியாளர் கணக்கில் தொடங்கினால், அவர் வேறு ஊருக்கு மாறிப் போகும்போது உங்கள் பட்டியலும் கூடவே போய்விடும். என்னுடைய கணக்கிலும் தொடங்க வேண்டாம். கணினி மைய அண்ணன் கணக்கிலும் வேண்டாம், தலைவியின் மகன் கணக்கிலும் வேண்டாம்.

கூட்டமைப்பு பேரில் தனியாக ஒரு மின்னஞ்சல் தொடங்குங்கள். கூட்டமைப்பின் சொந்த சிம் நம்பரையே அதற்குக் கொடுங்கள். வங்கிக் கணக்கை ஒருவர் மட்டும் கையெழுத்துப் போட்டு நடத்த விடுவதில்லை அல்லவா? அது போல, கடவுச்சொல்லை எழுதி உறையில் ஒட்டி, செயலாளரிடம் ஒன்றும் பொருளாளரிடம் ஒன்றும் இருக்கட்டும். நிர்வாகிகள் மாறினால் கடவுச்சொல்லும் மாற வேண்டும். மாற்றியதைத் தீர்மானப் புத்தகத்தில் எழுதுங்கள். கடவுச்சொல்லை மட்டும் அதில் எழுதாதீர்கள்.

கூகுள் கணக்கை 2 வருடம் யாருமே திறக்காவிட்டால் கூகுள் அதை அழித்துவிடலாம் என்ற விதியும் இருக்கிறது. 2023 டிசம்பரிலிருந்து அழிக்கத் தொடங்கினார்கள். ஆகவே மாதம் ஒருமுறையாவது கணக்கைத் திறந்து பாருங்கள். கணக்கெடுப்பு முடிந்தவுடன் அட்டவணையை இறக்கி அச்சடித்து, கோப்பில் வையுங்கள். பதில்களை அட்டவணையாக வெளியே எடுக்க விடாத எந்தக் கருவியும், எவ்வளவு அழகாக இருந்தாலும் நமக்கு வேண்டாம்.

லிங்க்கிலும் கவனம் தேவை. நிரப்புவதற்கு ஒரு லிங்க், திருத்துவதற்கு ஒரு லிங்க் என்று இரண்டு உண்டு. திருத்தும் லிங்க்கை வாட்ஸ்அப் குரூப்பில் போட்டுவிட்டால், யாராவது கேள்விகளை மாற்றிவிட வாய்ப்பு உண்டு. "முடிவுகளை எல்லோருக்கும் காட்டு" என்ற அமைப்பு திறந்திருந்தால் ஒருவர் கடன் விவரம் மற்றவர் கண்ணில் படும். அதை அணைத்து வையுங்கள்.

நான்காவது கேள்வி: எதைக் கேட்கிறோம்?

விதைப் பட்டியலுக்கு என்ன வேண்டும்? பேர், குழுவின் பேர், எந்த விதை, எத்தனை கிலோ. அவ்வளவுதான். ஆதார் நம்பர் எதற்கு? வங்கிக் கணக்கு எண் எதற்கு? "இருக்கட்டும், பின்னாடி உதவும்" என்று வாங்கி வைப்பதுதான் ஆபத்து. ஓடிபி, ஏடிஎம் ரகசிய எண் எந்தப் படிவத்திலும் கேட்கக் கூடாது. எங்காவது கேட்டால் அது மோசடி என்று உடனே மூடிவிடுங்கள். பணம் போய்விட்டால் தாமதிக்காமல் 1930க்குப் போன் செய்யுங்கள்.

2023ல் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் நிறைவேறியது. அதன் விதிகள் 2025 நவம்பரில் அறிவிக்கப்பட்டு, கட்டம் கட்டமாக நடைமுறைக்கு வருகின்றன. சட்டத்தின் சாரம் எளிது. விவரம் எதற்கு என்று சொல்லிவிட்டு, சம்மதம் வாங்கி, அந்த வேலைக்கு மட்டும் பயன்படுத்த வேண்டும். ஆகவே படிவத்தின் முதல் வரியில் இப்படி எழுதுங்கள்: "இது விதை வாங்குவதற்கான பட்டியல். வேறு எதற்கும் பயன்படுத்த மாட்டோம்." எழுதியபடி நடக்கவும் வேண்டும்.

கேள்வி எழுதுவதிலும் ஒரு நுட்பம் இருக்கிறது. "நிலம் எவ்வளவு?" என்று மட்டும் கேட்டால் ஒரு அக்கா 50 என்று போடுவார், ஒரு மதினி அரை என்று போடுவார். இரண்டும் ஒரே அளவுதான், ஒருவர் சென்ட்டில் சொன்னார், ஒருவர் ஏக்கரில் சொன்னார். கூட்டும்போது கணக்கு நாறிவிடும். "நிலம் எத்தனை சென்ட்? (1 ஏக்கர் = 100 சென்ட்)" என்று கேளுங்கள். குழுவின் பேரை எழுதச் சொல்லாமல், வரிசையாகக் கொடுத்து ஒன்றைத் தொடச் சொல்லுங்கள்.

சுருக்கமாக

கூட்டத்தில் உட்கார்ந்து எடுக்கும் சின்னப் பட்டியலுக்குக் கூகுள் ஃபார்ம்ஸ் போதும். சிக்னல் இல்லாத ஊரில் வீடு வீடாக எடுக்கும் பெரிய கணக்குக்குக் கோபோ டூல்பாக்ஸ். ஆதார், கடன் பாக்கி, வங்கி விவரம் எல்லாம் பழையபடி பதிவேட்டில், பூட்டிய பீரோவில் இருக்கட்டும். எந்தப் படிவம் எடுத்தாலும் கடைசி நாளன்று உறுப்பினர் பதிவேட்டை விரித்து, ஒவ்வொரு பேரும் வந்திருக்கிறதா என்று டிக் அடித்துப் பாருங்கள். வராத பேருக்கு ஆள் அனுப்புங்கள். அந்த வேலையை எந்தக் கருவியும் நமக்காகச் செய்யாது.

அடுத்த குழுக் கூட்டத்தில் பேச வேண்டியவை

1. நம் குழுவில் ஸ்மார்ட் போன் எத்தனை பேரிடம் இருக்கிறது? அதில் சொந்தமாகக் கையில் வைத்திருப்பவர் எத்தனை பேர்?
2. நம் ஊரில் எந்த இடத்தில், எந்த நேரத்தில் சிக்னல் நன்றாகக் கிடைக்கிறது?
3. கூட்டமைப்புக்கென்று தனி மின்னஞ்சலும் சிம்மும் இருக்கிறதா? கடவுச்சொல் யார் யாரிடம் இருக்க வேண்டும்?
4. இதுவரை நாம் நிரப்பிக் கொடுத்த படிவங்களில் தேவையில்லாமல் கேட்ட விவரம் எது?

பேசி முடிவெடுத்ததைத் தீர்மானமாக எழுதிக் கூட்டமைப்புக் கூட்டத்துக்குக் கொண்டு வாருங்கள். 5 கேள்வி கொண்ட ஒரு மாதிரிப் படிவத்தை அங்கேயே எல்லோரும் சேர்ந்து தயார் செய்வோம்.