நம் வீட்டுக்கு ஏற்ற நாய் எது?

(பத்தாம் வகுப்பு மாணவி)

நாய் நன்றியுள்ள பிராணி என்று ஒன்றாம் வகுப்பிலேயே நாம் படித்துவிட்டோம். அது நமக்குக் காட்டும் நன்றியைப் பற்றி எத்தனையோ கட்டுரைகள் வந்துள்ளன. ஆனால், நாயை வீட்டுக்குக் கொண்டுவரும் முன் நாம் எதையெல்லாம் யோசிக்க வேண்டும் என்று யாரும் அதிகம் எழுதுவதில்லை.

எங்கள் வகுப்பில் இந்தப் பேச்சு எழுந்தபோது இரண்டு கட்சிகள் உண்டாயின. "பணம் கொடுத்தாலும் நல்ல ஜாதி நாய்க்குட்டிதான் வாங்க வேண்டும்" என்றது ஒரு கட்சி. "தெருவில் தவிக்கும் குட்டிக்கு வீடு கொடுப்பதே தருமம்" என்றது மற்றொரு கட்சி. இரு பக்க நியாயங்களையும் ஆராய்வோம்.

ஜாதி நாய்

ஓர் இனத்து நாய்களையே தலைமுறை தலைமுறையாகச் சேர்த்து வளர்ப்பதால் உருவமும் குணமும் பெரும்பாலும் மாறாமல் வருவது ஜாதி நாய். லாப்ரடார், ஜெர்மன் ஷெப்பர்டு, பொமரேனியன், பக் ஆகியவை வெளிநாட்டு இனங்கள். நம் தமிழ்நாட்டுக்கும் சொந்த இனங்கள் உண்டு. விருதுநகர் மாவட்டத்து ராஜபாளையம், சிப்பிப்பாறை, தேனி மாவட்டத்துக் கோம்பை ஆகியவை புகழ் பெற்றவை. 2005-ஆம் ஆண்டு நம் அஞ்சல் துறை நான்கு இந்திய நாயினங்களுக்குத் தபால்தலை வெளியிட்டது. அவற்றுள் ராஜபாளையமும் ஒன்று என்பது நமக்குப் பெருமை.

ஜாதி நாயால் ஒரு நன்மை உண்டு. குட்டி வளர்ந்தால் எவ்வளவு பெரிதாகும், எவ்வளவு ஓட விட வேண்டும் என்பதை ஓரளவு முன்கூட்டியே அறியலாம். ஆனால், சிறு கூட்டத்துக்குள்ளேயே இனப்பெருக்கம் செய்வதால் நோய்களும் வழிவழியாக வருகின்றன. ஜெர்மன் ஷெப்பர்டுக்கு இடுப்பு மூட்டுக் கோளாறு வருவதுண்டு. ராஜபாளையத்தில் சில குட்டிகள் செவிடாகவே பிறக்கின்றன.

இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். நாய்க்கு நம்மைப் போல் உடல் முழுவதும் வியர்ப்பதில்லை. நாக்கை நீட்டி மூச்சிரைத்தே அது உடல் சூட்டைத் தணிக்கிறது. சப்பை மூக்குள்ள பக் நாய்க்கு இது எளிதல்ல. சைபீரியப் பனியில் வாழ ஏற்ற ஹஸ்கிக்கு உடம்பெல்லாம் அடர்ந்த ரோமம். தருமபுரியின் சித்திரை வெயிலில் இவை என்ன பாடுபடும் என்று எண்ணிப் பாருங்கள்!

ஜாதி நாய் வாங்குவோர் வம்சாவளிச் சான்று கேட்பார்கள். அந்தச் சான்று குட்டியின் முன்னோர் யார் என்று சொல்லுமே தவிர, குட்டி ஆரோக்கியமானது என்று சொல்லாது. ஆகவே தாய் நாயையும் அது இருக்கும் இடத்தையும் நேரில் பார்ப்பது அவசியம். 2017-ஆம் ஆண்டின் மத்திய அரசு விதிகளின்படி, வளர்த்து விற்பவர் பதிவு பெற்றிருக்க வேண்டும். எட்டு வாரம் நிறையாத குட்டியை விற்கக் கூடாது.

தெருவிலிருந்து வரும் நாய்

2019-ஆம் ஆண்டுக் கால்நடைக் கணக்கெடுப்பின்படி நம் நாட்டில் ஏறத்தாழ 1 கோடியே 53 லட்சம் தெருநாய்கள் இருந்தன. இவற்றுக்காக உழைக்கும் அமைப்புகளுள் மூத்த ஒன்று சென்னையில் இருக்கும் இந்திய புளூ கிராஸ். விமானியான கேப்டன் வி. சுந்தரம் 1959-இல் அதைத் தொடங்கினார். மழை வெள்ளத்தில் தத்தளித்த இரண்டு நாய்க்குட்டிகளை அவர் காப்பாற்றியதே அதற்கு வித்து. நாய்களைக் கொல்லாமல், கருத்தடை செய்து, தடுப்பூசி போட்டு அதே இடத்தில் விடும் முறையை அந்த அமைப்பு 1960-களிலேயே வலியுறுத்தியது. 2001-இல் அம்முறை மத்திய அரசின் விதியாகவும் ஆயிற்று. காதில் சிறு வெட்டு உள்ள தெருநாயைப் பார்த்தால், அதற்குக் கருத்தடை ஆகிவிட்டது என்று அறியலாம்.

நம் நாட்டு நாய் இந்த வெயிலுக்கும் மழைக்கும் பழகியது. பல இரத்தம் கலந்திருப்பதால் பரம்பரை நோய்கள் பொதுவாகக் குறைவு. ஆனால் அதற்கு நோயே வராது என்பது தவறு. பார்வோ என்னும் வைரஸ் நோய் வாந்தியும் இரத்தபேதியும் உண்டாக்கிச் சில நாட்களிலேயே குட்டியைக் கொன்றுவிடும். அதற்குத் தடுப்பூசி உண்டு. மேலும், அடிபட்டு வளர்ந்த நாய் துடைப்பத்தைத் தூக்கினாலே நடுங்கும். அதற்கு நம்பிக்கை வரப் பல வாரங்கள் பொறுமை வேண்டும்.

பெண்குட்டியின் நிலை

குட்டியைத் தூக்கும்போது பலர் முதலில் பார்ப்பது ஆணா, பெண்ணா என்பதைத்தான். ஆண்குட்டிக்கு வீடு கிடைக்கும். பெண்குட்டி ஊர்க் கோடியிலோ சந்தைத் திடலிலோ விடப்படும். பெண் என்றதும் முகம் சுளிக்கும் வழக்கத்தை நம் மாவட்டம் நன்றாக அறியும். தொட்டில் குழந்தைத் திட்டம் 2001-இல் இங்கேயும் வர வேண்டியிருந்தது. குழந்தையும் நாய்க்குட்டியும் ஒன்று என்று நாம் சொல்லவில்லை. வேண்டாம் என்று ஒதுக்கும் மனம் எங்கிருந்தாலும் மாற வேண்டும் என்றே சொல்கிறோம். பெண்நாய் குட்டி போட்டுக்கொண்டே இருக்கும் என்று அஞ்ச வேண்டியதில்லை. கால்நடை மருத்துவர் செய்யும் கருத்தடை அறுவை அந்தக் கவலையைத் தீர்த்துவிடும்.

உயிர் காக்கும் பாடம்

ஜாதி நாயானாலும் தெருநாயானாலும் வெறிநோய்த் தடுப்பூசி கட்டாயம் வேண்டும். மூன்று மாதம் ஆனதும் முதல் ஊசியும், பின்பு மருத்துவர் சொல்லும் காலங்களில் மறு ஊசிகளும் போட வேண்டும். வெறிநோயின் அறிகுறி தோன்றிய பின் பிழைப்பது அரிதினும் அரிது. ஆசியாவிலும் ஆப்பிரிக்காவிலும் இந்நோயால் இறப்பவர்களில் நூற்றுக்கு 40 பேர் 15 வயதுக்கு உட்பட்ட பிள்ளைகள் என்று உலக சுகாதார நிறுவனம் கூறுகிறது.

ஆகவே தோழிகளே, நாய் கடித்தாலோ பிறாண்டினாலோ வீட்டில் மறைக்காதீர்கள். காயத்தைச் சோப்புப் போட்டு ஓடும் நீரில் 15 நிமிடம் கழுவுங்கள். மஞ்சள், சுண்ணாம்பு, காப்பித்தூள் எதையும் வைக்காதீர்கள். உடனே அரசு மருத்துவமனைக்குச் செல்லுங்கள். தொப்புளைச் சுற்றி ஊசி போடும் பழைய முறை இப்போது இல்லை, கையில்தான் போடுகிறார்கள். தோலில் போடும் முறையில் முதல் நாளும் 3, 7, 28-ஆம் நாட்களும் ஊசி உண்டு. ஒன்றையும் தவறவிடக் கூடாது.

யார் பார்த்துக்கொள்வார்கள்?

நாயின் ஆயுள் 10 முதல் 15 ஆண்டுகள். இன்று நாம் ஆசைப்பட்டு ஒரு குட்டியைக் கொண்டுவந்தால், நாம் பிளஸ் டூ முடித்து, விடுதியில் தங்கிக் கல்லூரியில் படித்து, வேலைக்குப் போன பின்பும் அது வீட்டில் இருக்கும். அதற்குச் சோறு வைப்பது யார்? பெரும்பாலும் அம்மாதான். பெங்களூருக்கோ திருப்பூருக்கோ வேலைக்குப் போகும் குடும்பங்களும் நம் பகுதியில் பல. அப்போது நாயைப் பூட்டிய வீட்டின் வாசலில் விட்டுச் செல்வது எவ்வளவு பெரிய கொடுமை! அதிக விலை கொடுத்து வாங்கிய ஜாதி நாயும் அன்றே தெருநாயாகிவிடுகிறது. ஆகவே நாயைப் பற்றி முடிவு செய்யும்போது முதல் ஓட்டு அம்மாவுக்கே இருக்கட்டும்.

முடிவுரை

தருமபுரி அரசு அருங்காட்சியகத்தில் நடுகற்களைப் பார்க்கலாம். அவை போன்ற ஒன்று அடுத்த மாவட்டமான திருவண்ணாமலையில், எடுத்தனூர் என்னும் ஊரில் உள்ளது. ஏறத்தாழ 1400 ஆண்டுகளுக்கு முந்திய அந்தப் பல்லவர் காலக் கல்லில், இறந்த வீரனோடு அவனுடைய நாயும் செதுக்கப்பட்டிருக்கிறது. இரண்டு கள்வர்களைக் கடித்துக் காவல் நின்ற அந்த நாயின் பெயர் கோவிவன் என்று கல்வெட்டு கூறுகிறது. பெயரைப் பொறித்தவர்கள் இனத்தைப் பொறிக்கவில்லை.

எங்கள் முடிவு இதுதான். தோட்டமும் நேரமும் வசதியும் இருந்து, குறிப்பிட்ட தேவையும் இருப்பவர்கள், விசாரித்து நம் ஊர் இனத்து நாயை வாங்கலாம். நம்மில் பெரும்பாலோரின் வீட்டுக்கு, தடுப்பூசி போட்ட ஒரு நாட்டு நாய்க்குட்டியே ஏற்றது. அது பெண்குட்டியானால் இன்னும் நல்லது. பதினைந்து ஆண்டு பார்த்துக்கொள்ள ஆள் இல்லாத வீட்டில் எந்த நாயும் வேண்டாம். அங்கே வாசலில் ஒரு சட்டி தண்ணீர் வைத்தாலே போதும். வெயிலில் வரும் தெருநாய் குடித்துவிட்டுப் போகும்.