இரண்டாவது வைத்தியரின் அபிப்பிராயம்

மனைவியின் பெருங்குடலில் தோன்றிய புற்றுநோய் கல்லீரலுக்கும் பரவிவிட்டது என்று கேட்டவுடன் நிலத்தை விற்க முற்படும் குடியானவர்களை நாம் காண்கிறோம். 'இனி ஒன்றுமில்லை' என்று வீடு திரும்புவோரும் உண்டு. இரண்டுக்கும் முன்னர் வேறொரு வைத்தியரின் அபிப்பிராயத்தை நாடுதல் முறையாகும். நல்ல வைத்தியர் எவரும் இதற்குக் கோபிப்பதில்லை. மனைவியின் விருப்பத்தையும் கேட்டறிய வேண்டும். பல வீடுகளில் இதை மறந்துவிடுகின்றனர்.

பரவிய நோயெல்லாம் ஒரே தன்மையது அன்று. கல்லீரலில் கட்டிகள் சிலவே இருப்பின், சிலருக்கு அவற்றை அறுவைச் சிகிச்சையால் அகற்ற இயலும். மருந்தால் சுருக்கிய பின்னர் அகற்றுவதும் உண்டு. அவ்வாறு அகற்றப்பெற்றவர்களில் ஒரு பகுதியினர் பூரண குணமடைகின்றனர். ஆதலின், 'அகற்ற இயலுமா?' என்ற கேள்வியைக் கல்லீரல் அறுவையில் தேர்ந்தவரிடமே கேட்டல் வேண்டும். 1954-ல் தொடங்கிய அடையாறு புற்றுநோய் நிலையம் போன்ற இடங்களில் பல துறை வைத்தியர்கள் கூடி ஆராய்ந்து முடிவு செய்கின்றனர்.

வெறுங்கையுடன் செல்லலாகாது. ஸ்கேன் படங்கள், இரத்தச் சோதனைத் தாள்கள், சதைச் சோதனை அறிக்கை ஆகியவற்றோடு, அச்சதையைப் பதித்து வைத்துள்ள மெழுகுக் கட்டியையும் முதல் ஆஸ்பத்திரியில் கேட்டுப் பெறுக. அஃதின்றேல் மீண்டும் சதை எடுக்க நேரிடலாம். முதலமைச்சர் காப்பீட்டு அட்டையும் உடனிருக்கட்டும்.

வயிறு உப்பி, மலமும் காற்றும் அடைபட்டு, வாந்தியும் கண்டால் அபிப்பிராயம் தேடிக் காத்திராமல், அன்றே அருகிலுள்ள பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டு செல்லுக.