படத்தின் கீழே யார் பெயர்?

நாளிதழில் விளையாட்டுப் பக்கத்தைப் பாருங்கள். கிரிக்கெட் படம் இருக்கும். ஒருவர் பந்தை ஓங்கி அடிக்கிறார். அவர் யார் என்று நமக்குத் தெரியும். படத்தின் ஓரத்தில் சின்ன எழுத்தில் இன்னொரு பெயர் இருக்கலாம். எழுத்துக்கூட்டிப் படியுங்கள். அதுதான் படம் எடுத்தவர் பெயர்.

அந்தச் சின்னப் பெயர்கூடக் கிடைக்காமல் உழைத்தார் ஒரு பெண். அவரைப் பற்றி இந்தப் பாடத்தில் படிப்போம்.

அவர் பெயர் ஹோமாய் வியாரவாலா. 1913-ஆம் ஆண்டு குஜராத்தில் நவ்சாரி என்ற ஊரில் பிறந்தார். பார்சி குடும்பம். அப்பா நாடக நடிகர். வீட்டில் பணக் கஷ்டம். பிறகு பம்பாய்க்கு வந்தார்கள். இன்று அதை மும்பை என்கிறோம்.

ஹோமாய் ஜே.ஜே. கலைப் பள்ளியில் படித்தார். அந்தப் பள்ளி இன்றும் இருக்கிறது. வாஷியில் ரயில் ஏறி சி.எஸ்.எம்.டி.யில் இறங்குங்கள். அதுதான் பழைய வி.டி. ஸ்டேஷன். அங்கிருந்து நடந்தே போகலாம்.

மானெக்‌ஷா என்ற இளைஞர் அவருக்குக் கேமரா பிடிக்கக் கற்றுக்கொடுத்தார். பின்னர் இருவரும் கல்யாணம் செய்துகொண்டார்கள்.

ஒரு நாள் பெண்கள் சிலர் உல்லாசப் பயணம் போனார்கள். ஹோமாய் அவர்களைப் படம் எடுத்தார். பாம்பே கிரானிக்கிள் என்ற பத்திரிகை அந்தப் படங்களைப் போட்டது. ஒரு படத்துக்கு ஒரு ரூபாய் கிடைத்தது. இது 1930-களில் நடந்தது.

அன்று படம் எடுப்பது சுலபம் இல்லை. கேமரா கனமாக இருக்கும். அவர் வைத்திருந்த ஒரு கேமராவில் ஒரு சுருளுக்கு 12 படங்கள்தான். இருட்டில் எடுக்க மின்னல் பல்பு வேண்டும். ஒரு பல்பு ஒரு தடவைதான் எரியும். எடுத்ததும் படத்தைப் பார்க்க முடியாது. இருட்டறையில் மருந்து நீரில் சுருளைக் கழுவிய பிறகுதான் தெரியும். கை நடுங்கினால் படம் வீண். காசும் வீண்.

இவ்வளவு பாடுபட்டு எடுத்த படங்கள் பெரிய பத்திரிகையில் வந்தன. ஆனால் கீழே இருந்தது கணவர் பெயர். பெண் எடுத்த படம் என்றால் அன்று மதிப்பு இல்லை. உழைப்பு ஹோமாயுடையது. பெயர் மானெக்‌ஷாவுடையது.

பிறகு அவர் 'டால்டா 13' என்று ஒரு புனைபெயர் வைத்துக்கொண்டார். பிறந்தது 1913. கணவரை முதலில் பார்த்தபோது வயது 13. கார் நம்பர் டி.எல்.டி. 13. அதனால் அந்தப் பெயர்.

1942-இல் டெல்லிக்குப் போனார். சேலை கட்டி, கேமராவைச் சுமந்து, சைக்கிளில் போய்ப் படம் எடுத்தார். 1947 ஆகஸ்டில் செங்கோட்டையில் நம் கொடி ஏறியது. அதைப் படம் எடுத்தார். 1948-இல் காந்தியின் இறுதி ஊர்வலத்தையும் எடுத்தார். இந்தியாவின் முதல் பெண் பத்திரிகைப் புகைப்படக்காரர் என்ற பெயர் அவருக்கு வந்தது. 2011-இல் அரசு பத்மவிபூஷண் விருது கொடுத்தது. 2012-இல், 98-ஆவது வயதில், காலமானார்.

இன்று அந்தப் படங்களின் கீழே ஹோமாய் வியாரவாலா என்றே போடுகிறார்கள்.

நம் பக்கத்திலும் பெண்கள் வீட்டில் இருந்தே அப்பளம் போடுகிறார்கள், துணி தைக்கிறார்கள். கூலி நோட்டில் சில சமயம் வீட்டுக்காரர் பெயர் இருக்கும். இப்போது நமக்குப் படிக்கத் தெரியும். நோட்டை வாங்கிப் பார்ப்போம். நம் பெயர் இல்லை என்றால் எழுதச் சொல்லிக் கேட்போம்.

பேசுவோம்

1. ஹோமாய் எடுத்த படங்கள் கணவர் பெயரில் வந்தது ஏன்?
2. பழைய கேமராவில் படம் எடுப்பதில் என்ன கஷ்டங்கள்?
3. நீங்கள் செய்யும் வேலை யார் பெயரில் எழுதப்படுகிறது?

எழுதுவோம்

உங்கள் பெயர், நீங்கள் செய்யும் வேலை, இந்த வாரம் வாங்கிய கூலி. மூன்றையும் ஒரே வரியில் எழுதுங்கள். கீழே கையெழுத்துப் போடுங்கள்.