பாரதம் கேட்ட பெண்கள்

செஞ்சிக்கு அருகிலுள்ள மேலச்சேரியைத் திரௌபதி அம்மன் வழிபாட்டின் மூலத்தலமாக மக்கள் போற்றுவர். விழுப்புரம், திண்டிவனம் பகுதிச் சிற்றூர்களில் அம்மன் விழா நடைபெறும் நாள்களில் பகலில் பாரதம் படிக்கப்பெறும்; இரவில் அக்கதையே கூத்தாக ஆடப்பெறும். படிக்கும் நூல் பெரும்பாலும் வில்லிபாரதம். அதனை இயற்றிய வில்லிபுத்தூரார், பெண்ணையாறு பாயும் திருமுனைப்பாடி நாட்டுச் சனியூரில் பிறந்தவர். பிரசங்கியார் பாடலை இசையோடு படித்து, அதன் பொருளை ஊரார் பேச்சில் விரித்துரைப்பார். எழுத்தறியாப் பெண்கள் பிள்ளையை மடியில் கிடத்திக்கொண்டு கேட்டிருப்பர். கர்ணனின் கொடையும் பாஞ்சாலியின் சூளுரையும் பின்னர் நடவு வயலில் பேச்சாகும். பள்ளிக்கு அனுப்பப்பெறாத அவர்களுக்குக் கோயில் முன்றிலே நூலகம் ஆயிற்று.

ஆயினும் ஒரு முரண் இங்கே எண்ணத்தக்கது. அவை நடுவே நீதி கேட்பவள் திரௌபதி. ஊர் வணங்கும் தெய்வமும் அவளே. கூத்தில் அவள் வேடத்தைப் புனைந்தவரோ ஆண். விடிய விடிய ஆட வேண்டும், ஊர்ஊராகச் செல்ல வேண்டும், கனத்த கட்டை அணிகலன்களைத் தாங்க வேண்டும். இவை பெண்ணுக்கு ஆகா என்றனர். நாளெல்லாம் குனிந்து நாற்று நட்டு, மாலையில் விறகுக் கட்டுடன் வீடு திரும்பும் பெண்களைக் கண்முன் கண்டவர்களே அவ்வாறு கூறினர் என்பது வியப்பே.

பத்து வயதில் பள்ளியை விட்டுக் கூத்திற்கு வந்தவர் பெருங்கட்டூர் ராஜகோபால். 1990இல் கட்டைக்கூத்துச் சங்கத்தைத் தோற்றுவித்தவர்களுள் அவரும் ஒருவர். கல்வியா கலையா என்னும் நெருக்கடி அடுத்த தலைமுறைக்கு வேண்டா என எண்ணினார். நெதர்லாந்து நாட்டு ஆய்வாளர் ஹன்னே டி புருயினுடன் இணைந்து, 2002இல் காஞ்சிபுரத்தை அடுத்த புஞ்சரசந்தாங்கலில் குருகுலம் ஒன்றைத் தொடங்கினார். அங்கே சிறுமியரும் பாடநூல் பயின்றனர், கூத்தும் பயின்றனர். பெண் வேடம் மட்டுமன்றி ஆண் வேடங்களையும் ஏற்று இரவு முழுவதும் ஆடினர். கேட்போராகவே இருந்த பெண்குலம் கதை சொல்வோராக மாறியது. 2020இல் அக்குருகுலம் மூடப்பட்டது. பயின்ற பெண்கள் திருமணத்திற்குப் பின்னும் மேடையில் தொடர்வது இன்றும் எளிதன்று. புகுந்த வீட்டின் இசைவு வேண்டும், இரவில் குழந்தையைப் பார்த்துக்கொள்ள ஒருவர் வேண்டும்.

கோயில் முன்றில் விழாக்காலத்தில் மட்டுமே நூலகம். ஆண்டு முழுவதற்குமான நூலகத்திற்குச் சட்டம் வழிவகுத்துள்ளது. 1948ஆம் ஆண்டின் சென்னைப் பொது நூலகச் சட்டத்தின் வழியே நூலக வரி வந்தது. இன்று சொத்துவரியோடு நூற்றுக்குப் பத்து வீதம் அது பெறப்படுகிறது. எனவே வீட்டுவரி செலுத்தும் ஒவ்வொரு குடும்பமும் நூலகத்திற்கும் பொருள் அளிக்கிறது. அனைத்து கிராம அண்ணா மறுமலர்ச்சித் திட்டம் 2006இல் தொடங்கிய பின்னர் ஊராட்சிகளிலும் நூலகங்கள் எழுந்தன. அவற்றுட் சில பூட்டியே கிடக்கின்றன. திறந்தவற்றிலும் நாளிதழ் படிக்கும் ஆடவரே மிகுதி. மாலையில் பெண்கள் அங்கே கூடி, வில்லிபாரதத்தைத் தாமே உரக்கப் படித்துப் பொருள் பேசுவதற்கு எந்தத் தடையும் இல்லை. திறவுகோல் ஊராட்சியிடம் இருக்கிறது.