கேட்காமலே இணையத்தில் கிடைக்க வேண்டியவை

கொடைக்கானலில் பிளசன்ட் ஸ்டே விடுதிக்கு அனுமதி இரண்டு தளங்களுக்குத்தான். எழும்பியதோ ஏழு. பழனி மலைப் பாதுகாப்பு மன்றத்தார் வழக்குத் தொடுத்தார்கள். விவகாரம் உச்ச நீதிமன்றம் வரை போய், 1995-இல் கூடுதல் தளங்களை இடிக்கத்தான் வேண்டும் என்று முடிவானது. யாருக்கு எத்தனை தளத்துக்கு அனுமதி என்ற பட்டியல் எல்லோர் கண்ணிலும் படும்படி இருந்திருந்தால், இரண்டாம் தளம் முடிந்ததுமே தெருவில் போகிறவரே கேட்டிருப்பார்.

2005-ஆம் ஆண்டு தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் 4-ஆம் பிரிவு இதற்காகவே இருக்கிறது. 17 வகைத் தகவல்களை யாரும் கேட்காமலே அலுவலகங்கள் வெளியிட வேண்டும். வரவு செலவுத் திட்டம், மானியம் பெறுவோர் விவரம், அனுமதியும் சலுகையும் பெற்றவர்கள் விவரம் எல்லாம் அதில் அடங்கும். இணையத்திலும் தர வேண்டும், உள்ளூர் மொழியையும் கருத்தில் கொள்ள வேண்டும் என்கிறது சட்டம். மக்கள் மனுப் போடும் தேவையே குறைய வேண்டும் என்பதுதான் நோக்கம். ராஜஸ்தான் அரசு 2019-இல் தொடங்கிய ஜன் சூசனா தளம் இந்தப் பிரிவை ஒட்டி எழுந்ததுதான்.

நம்மில் பலர் ஒரு தாளுக்கு மனுப் போட்டு, அதை வாங்கியதும் நின்றுவிடுகிறோம். அடுத்தவர் மறுபடி முதலிலிருந்து அலைய வேண்டும். அதற்குப் பதிலாக, "4-ஆம் பிரிவின்படி வெளியிட்ட 17 தகவல்களின் நகலும், கடைசியாகப் புதுப்பித்த தேதியும் தருக" என்று நகராட்சியின் பொதுத் தகவல் அலுவலருக்கு எழுதுங்கள். கட்டணம் 10 ரூபாய். நீதிமன்றக் கட்டண வில்லையாக ஒட்டலாம். வறுமைக் கோட்டுக்குக் கீழ் உள்ளவர்களுக்குக் கட்டணமில்லை. 30 நாளில் பதில் இல்லையென்றாலோ, பதில் அரைகுறையென்றாலோ, அடுத்த 30 நாளுக்குள் முதல் மேல்முறையீடு. அதிலும் நடக்காவிட்டால் 90 நாளுக்குள் மாநிலத் தகவல் ஆணையம். அங்கே, "19(8)-ஆம் பிரிவின்படி இவற்றை வெளியிட உத்தரவிடுக" என்று தவறாமல் சேர்த்து எழுதுங்கள். நகல் கொடுக்கச் சொல்வதோடு, வெளியிடவே கட்டளையிடும் அதிகாரம் ஆணையத்துக்கு உண்டு. இந்த ஒரு வரியைத்தான் பெரும்பாலோர் விட்டுவிடுகிறார்கள்.

பூம்பாறை, மன்னவனூர் போன்ற ஊராட்சிகளில் இருக்கும் சகோதர சகோதரிகளுக்கு வேலை இன்னும் எளிது. இ-கிராம் ஸ்வராஜ் தளத்தில் ஊராட்சியின் திட்டத்தையும் செலவையும் கைபேசியிலேயே பார்க்கலாம். பார்த்துக் குறித்துக்கொண்டு கிராம சபைக்குப் போங்கள். கணக்கைத் தமிழில் பலகையிலும் ஒட்டத் தீர்மானம் கேளுங்கள். ஜமாஅத் வரவு செலவைப் பள்ளிவாசல் பலகையில் பார்த்துப் பழகிய நமக்கு இதில் கூச்சம் எதற்கு? கிராம சபை அடுத்து ஆகஸ்ட் 15-இலா அக்டோபர் 2-இலா என்று பார்த்து, இரண்டு மூன்று பேராகச் சேர்ந்து போவது நல்லது. தீர்மானம் பதிவேட்டில் ஏறியதைப் பார்த்த பிறகே கிளம்புங்கள்.