சர்க்கரை வியாதிக்கு இந்த மரபணு காரணமா?

மேட்டுப்பாளையத்தில் உங்கள் அமிச்சிக்கு 45 வயதில் சர்க்கரை வியாதி வந்தது, பிறகு தாய்மாமனுக்கும் வந்துவிட்டது என்று வைத்துக்கொள்வோம். "பரம்பரையாக வருவதுதானே" என்பார்கள் வீட்டில். பரம்பரை என்றால் மரபணு. ஆனால் அந்த வீட்டில் மரபணுவோடு ஒரே சமையலும் அல்லவா தொடர்ந்து வருகிறது! மரபணுவின் பங்கை மட்டும் பிரித்துக் காண்பது எப்படி?

புரதங்களை உண்டாக்கும் மரபணுக்கள் நம் உடலில் ஏறத்தாழ 20,000 உள்ளன. அவற்றுள் ஐயத்துக்கு இடம் தரும் ஒன்றைப் பிடித்துச் சோதிப்பது ஒரு வழி. அப்படி ஐயத்துக்குள்ளான ஒன்றுதான் பி.பி.ஏ.ஆர்.ஜி. கொழுப்புச் செல்கள் உருவாவதற்கும், இன்சுலினின் கட்டளைக்கு உடல் இணங்குவதற்கும் இதன் புரதம் தேவை. பயோகிளிட்டசோன் என்ற நீரிழிவு மருந்து இந்தப் புரதத்தின்மீதுதான் செயல்படுகிறது. ஐயப்பட இதைவிட நல்ல காரணம் வேண்டுமா?

சிலருக்கு இந்த மரபணுவில் ஓரிடத்தில் 'சி' என்ற எழுத்துக்குப் பதில் 'ஜி' இருக்கும். அதனால் புரதச் சங்கிலியின் 12-ஆவது கண்ணியில் புரோலினுக்குப் பதில் அலனின் வந்து அமரும். அலனின் உள்ளவர்களின் உடல் இன்சுலினுக்கு நன்கு இணங்குகிறது என்று 1998-இல் ஓர் ஆய்வு கூறியது. 2000-இல் பல ஆய்வுகளைத் திரட்டிப் பார்த்தபோதும், நோயிலிருந்து அது ஓரளவு காப்பதாகவே தெரிந்தது. ஆனால் அந்த ஆய்வுகளில் பெரும்பாலோர் ஐரோப்பிய வழியினர். அது நம்மவர்களையும் காக்குமா?

இதைச் சோதிக்க நோயாளிகள் ஒரு குழு, நோயற்றவர்கள் ஒரு குழு வேண்டும். இரண்டாவது குழுவில் உங்களைச் சேர்க்கலாமா? கூடாது! இன்று உங்களுக்கு நோயில்லை. 45 வயதில் வராது என்று யார் கண்டது? வயதில் மூத்தவர்களாகவே பார்க்க வேண்டும். "எனக்கு ஒன்றுமில்லை" என்று அவர்கள் சொல்வதும் போதாது. 75 கிராம் குளுக்கோஸைக் கரைத்துக் குடிக்கச் செய்து, இரண்டு மணி நேரம் கழித்து இரத்தத்தைச் சோதிக்க வேண்டும். 100 மில்லிலிட்டர் பிளாஸ்மாவில் குளுக்கோஸ் 140 மில்லிகிராமுக்குக் குறைவாக இருந்தால்தான் அவரைச் சேர்க்கலாம்.

இன்னொரு பொறியும் உண்டு. நோயாளிகளை மேட்டுப்பாளையத்திலும், நோயற்றவர்களை மலை ரயில் ஏறிப்போய்க் குன்னூர்ப் பக்கத்து ஊர்களிலும் தேடினால் என்ன ஆகும்? மலையில் வாழும் மக்களின் முன்னோர் வேறு. அவர்களிடையே 'ஜி' எழுத்தின் விகிதமும் வேறாக இருக்கலாம். அந்த வேறுபாட்டை நோயின் தலையில் கட்டிவிடுவோம். ஆட்கள் குறைந்தாலும் ஆபத்துதான். நாணயத்தைப் பத்து முறை சுண்டி ஏழு முறை தலை விழுந்தால் வியப்பில்லை. ஆயிரம் முறை சுண்டி எழுநூறு முறை விழுந்தால்தான் நாணயத்தைச் சந்தேகிக்க வேண்டும்.

இனி ஆய்வகத்துக்கு வருவோம். இரத்தத்திலிருந்து டி.என்.ஏ.வைப் பிரித்து, வேண்டிய துண்டை மட்டும் பல கோடிப் பிரதிகளாகப் பெருக்குவார்கள். பிறகு ஒரு நொதியைச் சேர்ப்பார்கள். கத்தரிக்கோல் போன்ற அந்த நொதி, 'ஜி' இருந்தால் துண்டை வெட்டும். 'சி' இருந்தால் தொடாது. கூழ்ப்பலகையில் மின்சாரம் செலுத்தினால் சிறிய துண்டுகள் முந்தி ஓடும், நீண்டவை பின்தங்கும். தாயிடமிருந்து ஒன்றும் தந்தையிடமிருந்து ஒன்றுமாக நமக்கு இரண்டு பிரதிகள் உண்டல்லவா? இரண்டும் வேறாக இருந்தால் இருவகைக் கோடுகளும் தெரியும்.

சென்னையில் வி. ராதா, வி. மோகன் ஆகியோரும் அமெரிக்காவின் டல்லாஸ் நகர ஆய்வாளர்களும் சேர்ந்து செய்த இத்தகைய சோதனையின் முடிவு 2006-இல் வெளியாயிற்று. டல்லாஸின் வெள்ளையரில் நோயற்றவர்களிடம் அலனின் அதிகமாகவும், நோயாளிகளிடம் குறைவாகவும் இருந்தது. சென்னையிலோ இரு குழுக்களிலும் ஏறத்தாழ ஐந்தில் ஒருவருக்கு அது இருந்தது. கேடயம் நம்மவர் கையிலும் இருக்கிறது, ஆனால் அடியைத் தடுக்கவில்லை! டல்லாஸிலேயே குடியேறி வாழும் தெற்காசியரிடமும் அது காக்கவில்லை. ஆகவே ஊர் மாறியதால் வந்த வேறுபாடு என்று சொல்லித் தப்ப முடியாது.

எல்லா மரபணுவும் இப்படிக் கைவிட்டுவிடவில்லை. ஐஸ்லாந்து ஆய்வாளர்கள் 2006-இல் சுட்டிக்காட்டிய டி.சி.எஃப்.7.எல்.2 என்ற மரபணுவைச் சென்னைக் குழுவினர் சோதித்து, 2007-இல் முடிவை வெளியிட்டனர். அதற்கு நம் மக்களிடமும் நோயோடு தொடர்பு தெரிந்தது. ஆயினும் அந்த எழுத்து மாற்றம் உள்ள பலருக்கு நோய் வருவதேயில்லை. இல்லாத பலருக்கு வந்துவிடுகிறது.